மூலையில் நிற்கும் கால்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய 27 வயதுத் தம்பி ஊருக்குப் போயிருந்தபோது மலைப்பக்கத்தில் நிலச்சரிவில் சிக்கி, இடிந்த சுவருக்கடியில் 9 மணி நேரம் கிடந்து, உயிரோடு மீட்கப்பட்டார். இடது காலை முழங்காலுக்குக் கீழேயும் வலது காலை முழங்காலுக்கு மேலேயும் எடுத்துவிட்டார்கள். எல்லாம் நடந்து 8 மாதமாகிறது. சிங்கப்பூர் திரும்பியதும் செயற்கைக் கால்கள் செய்து கொடுத்தாயிற்று, அவை அலமாரிக்குப் பக்கத்து மூலையில் நிற்கின்றன. கை கால் இழந்தும் சாதித்தவர்களின் வீடியோக்களை அக்கா தினமும் அனுப்புகிறார். "நாளைக்கு நீயும் நாலு பேருக்கு உதவலாம்டா" என்கிறார். தம்பி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அம்மாவோ, அங்கே அவசரப்பட்டுக் காலை எடுத்துவிட்டார்கள் என்று இன்னும் அழுகிறார். என்ன செய்யலாம் என்பது கேள்வி.

நான் இங்கே செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் 30 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன். எனக்கு இரண்டு காலும் இருக்கின்றன. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏன் என்பது பின்னால் வரும்.

முதலில் அம்மாவின் அழுகை. பக்கத்து அறையிலிருந்து தம்பி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். சுவரோ பாறையோ மணிக்கணக்கில் காலை அழுத்தும்போது தசைக்கு ரத்தம் போகாது. 4 மணி, 6 மணி நேரம் தாண்டினால் தசை சாகத் தொடங்கும். அதைவிட மோசம், பாரத்தைத் தூக்கிய பிறகு நடப்பது. செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற புரதமும் ஒரேயடியாக ரத்தத்தில் கலக்கும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம். மயோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்த வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள், முதலில் தேறியவர்கள் போல இருந்துவிட்டு, சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைப் பார்த்துத்தான் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் 1941ல் இதை விளக்கி எழுதினார்.

நம் சிராங்கூன் ரோட்டில் 1986 மார்ச் 15ஆம் தேதி ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்து விழுந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். எம்ஆர்டி ரயில் சுரங்க வேலைக்கு வந்திருந்த நிபுணர்களும் சேர்ந்துதான் இடிபாட்டுக்குள் குடைந்து போனார்கள். உயிரோடு வெளியே எடுத்துவிட்டால் பிழைத்தாயிற்று என்றுதான் அன்று நானும் நினைத்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகுதான், இடிபாட்டில் நசுங்கியவர்களுக்கு இரண்டாவது ஆபத்து வெளியே வந்த பிறகே தொடங்குகிறது என்று தெரிந்தது.

9 மணி நேரம் என்கிறீர்கள். கூடவே சேறு. மண்ணிலிருக்கும் கிருமி செத்த தசைக்குள் புகுந்தால் சில மணி நேரத்தில் தொடை வரை ஏறிவிடும். அந்த நிலையில் காலை எடுத்தது தம்பியை உயிரோடு உங்களிடம் கொடுப்பதற்காகத்தான். அதிலும் இடது முழங்காலைக் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். அந்த ஒரு மூட்டின் அருமை எங்கள் பட்டறையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். சொந்த முழங்கால் இருந்தால் நாற்காலியிலிருந்து எழுவதும் படி ஏறுவதும் எவ்வளவோ லேசு. அம்மாவுக்கு இதைத் தம்பி காதில் விழும்படியே சொல்லுங்கள்.

சரி, வீடியோவுக்கு வருவோம். நிறுத்திவிடுங்கள். அந்த மனிதர்கள் பொய் என்று நான் சொல்லவில்லை, பலர் உண்மையிலேயே பெரியவர்கள். ஆனால் மூன்று நிமிட வீடியோவில் நடுவிலிருந்த ஆண்டுகளை வெட்டிவிடுகிறார்கள். கும்பகோணத்தில் பிறந்த மாளவிகா ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 மே மாதம், 13 வயதில், ராஜஸ்தானின் பிகானேரில் வீட்டில் ஒரு கையெறி குண்டு வெடித்து இரண்டு கைகளும் போயின. பிறகு சென்னையில் சமூகப்பணியில் முனைவர் பட்டம் வாங்கினார், 2018ல் குடியரசுத் தலைவரிடம் நாரி சக்தி விருது பெற்றார், உடற்குறையுள்ளோருக்காக உலக மேடைகளில் பேசுகிறார். வீடியோவில் இதுதான் வரும். தன் கதையை வெளியே சொல்லத் தொடங்க அவருக்கே ஏறக்குறைய 10 ஆண்டு ஆனது என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1954ல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து அதற்கென்றே ஒரு துறையை நடத்தினார். 1966ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்தது. விபத்திலிருந்து எண்ணினால் 12 ஆண்டு. நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981ல் திருச்சி பக்கம் நடந்த பேருந்து விபத்தில் ஒரு காலை இழந்தார், ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலோடு மேடையேறியது 1984ல்.

சீனாவின் லியாவ் ஜி இரண்டே மாதத்தில் ஆடினாரே என்பீர்கள். ஆடினார். 2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் இரண்டு கால்களையும் கைக்குழந்தையையும் பறிகொடுத்த நடன ஆசிரியர் அவர். பெரிய முரசின் மேல் மண்டியிட்டு ஆடினார். ஆனால் அதே மாநிலத்தில் அடுத்த நிலநடுக்கம் வந்தபோது செயற்கைக் கால்களோடு நிவாரணப் பொருள் கொண்டுபோனாரே, அது 2013. உங்கள் தம்பி இப்போது இருப்பது 8ஆவது மாதம். அவரிடம் 10ஆவது ஆண்டைக் காட்டி, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறீர்கள். கோபம் வராதா?

இனி அந்த மூலைக்கு வருகிறேன். மனம் உடைந்துவிட்டதால் கால் மூலையில் நிற்கிறது என்று நினைக்கிறீர்கள். எனக்கோ சாக்கெட் மேல்தான் சந்தேகம்.

செயற்கைக் கால் என்றதும் பார்க்க வருகிறவர்கள் பாதத்தைப் பார்ப்பார்கள், கம்பியைத் தட்டிப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். நாங்கள் பார்ப்பது மேலே இருக்கும் கிண்ணத்தை. காலை எடுத்த பிறகு மிஞ்சியிருக்கும் பகுதியை ஸ்டம்ப் என்போம். அது உள்ளே உட்காரும் அந்தக் கிண்ணத்துக்குத்தான் சாக்கெட் என்று பெயர். அது பொருந்தாவிட்டால் கீழே எவ்வளவு விலையுயர்ந்த பாதம் இருந்தாலும் வீண். கால் எடுத்த பிறகு ஸ்டம்ப் ஒரே அளவில் இருக்காது. வீக்கம் வற்றும், வேலையில்லாத தசை மெலியும். ஓர் ஆண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு வரை சுருங்கிக்கொண்டே போகும். அதனால் முதல் சாக்கெட் முதல் ஆண்டுக்குள்ளேயே தொளதொளத்துவிடுவது சாதாரணம். தம்பிக்கு நாலாவது மாதம் அளவெடுத்திருந்தால், 8ஆவது மாதத்தில் அது வேறொருவர் சட்டை மாதிரி. ஸ்டம்ப் கீழே இறங்கி எலும்பு முனை அடியில் இடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் வலி. "போட முடியல" என்று அவர் சொல்லியிருப்பார், வீட்டில் "முயற்சி பண்ணு" என்று சொல்லியிருப்பீர்கள். அப்படித்தான் பேச்சு நிற்கும்.

தற்காலிகமாக இதைச் சமாளிப்பது ஸ்டம்ப் சாக்ஸ், ஸ்டம்பின் மேல் மாட்டும் துணி உறை. 1 பிளை, 3 பிளை, 5 பிளை என்று பருமன் இருக்கிறது, எண் கூடினால் தடிமன் கூடும். காலையில் ஒன்றோடு கிளம்பினால் மதியம் இன்னொன்று சேர்க்க வேண்டிவரும், ஏனென்றால் நடக்க நடக்க ஸ்டம்ப் மேலும் சுருங்கும். மொத்தம் 10 பிளையைத் தாண்டினால் சாக்ஸ் போதாது, சாக்கெட்டையே மாற்ற வேண்டும் என்பது எங்கள் பட்டறைக் கணக்கு. இதைச் சொல்லித் தராமல் காலை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. நானே ஆரம்ப காலத்தில் ஒருவருக்கு அப்படிச் செய்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து அவர் காலைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அப்புறம் நம் ஊர் வியர்வை. ஸ்டம்பின் மேல் போடும் சிலிக்கோன் உறையான லைனர் தோலோடு ஒட்டியிருக்கும், காற்றுப் போகாது. புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்தாலே போதும், காலைக் கழற்றி லைனரைக் கவிழ்த்தால் வியர்வை சொட்டுச் சொட்டாக விழும். துடைக்காவிட்டால் கால் வழுக்கும், தோல் அழுகும். அதனால் சின்னத் துண்டு ஒன்று பையில் இருக்க வேண்டும், நடுவில் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் பார்க்க 27 வயதுப் பையன் காலைக் கழற்றுவது லேசான காரியமா? பலர் வீட்டைவிட்டு வெளியே வராததற்கு இதுவும் ஒரு காரணம், யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். இரவில் லைனரை மென்மையான சோப்பில் கழுவிக் காயவையுங்கள். கழற்றியதும் ஸ்டம்பில் சிவந்த இடங்களைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மறையும் சிவப்பு பரவாயில்லை. அரை மணி கழித்தும் மறையாவிட்டால் அந்த இடத்தில் சாக்கெட் உரசுகிறது, அடுத்த நாள் போடக் கூடாது.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. வாசலில் செருப்பைக் கழற்றுவோம். பாதத்தின் சாய்வை ஷூவின் குதி உயரத்துக்கு ஏற்பத்தான் திருகி வைத்திருப்பார்கள். ஷூவைக் கழற்றினால் குதி தாழ்ந்து, ஆள் பின்பக்கம் சாய்வது போல இருக்கும். வெளியே நன்றாக நடந்தவர் வீட்டுக்குள் தடுமாறுவது இதனால்தான். கோயிலிலும் இதே கதை. "வீட்டில் வெறுங்காலோடுதான் இருப்போம்" என்று அளவெடுப்பவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். 1968ல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் சேத்தியும் சேர்ந்து ரப்பரில் ஒரு பாதம் செய்ததற்கே காரணம் இதுதான். வெறுங்காலோடு நடக்க, குந்தி உட்கார, வயலில் இறங்க அப்போதிருந்த வெளிநாட்டுக் கால் உதவவில்லை. சர்மா பெரிய படிப்புப் படித்தவரில்லை. எங்கள் தொழிலில் அவர் பெயரைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

படுக்கும்போது தொடைக்கடியில் தலையணை வைக்காதீர்கள். இதமாக இருக்கும், ஆனால் இடுப்பும் முழங்காலும் மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு எந்தக் காலும் நேராக நிற்காது. குப்புறப் படுப்பது நல்லது. இரவில் சக்கர நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், சின்ன விளக்கு எரியட்டும். தூக்கக் கலக்கத்தில் கால் இருக்கிறது என்று நினைத்து எழுந்து ஊன்றி விழுந்தவர்கள் ஏராளம்.

ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்றால், மூளையில் அந்தக் கால் இன்னும் இருக்கிறது. இல்லாத பாதம் அரிக்கும், இல்லாத கட்டைவிரல் முறுக்கும், சிலருக்கு இரவெல்லாம் எரியும். தம்பி இதைச் சொன்னால் பிரமை என்று சொல்லிவிடாதீர்கள், இது உண்மையான வலி, மருந்தும் உண்டு. நம் தமிழர், நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடியை நட்டுவைத்து, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்து, இறுகிய கையை மூளை விரித்துவிட வழி கண்டார். கால்களுக்கும் அதைச் செய்கிறார்கள். ஆனால் தம்பிக்கு இரண்டு காலும் இல்லை, கண்ணாடியில் காட்ட ஒன்று வேண்டுமே. இப்படிப்பட்டவர்களுக்கு எதிரே ஒருவரை உட்காரவைத்து, அவர் பாதம் அசைவதைப் பார்த்துக்கொண்டே தன் பாதத்தை மனத்தில் அசைக்கும் பயிற்சியை முயன்றிருக்கிறார்கள். சிகிச்சையாளர் சரி என்றால் எதிரே உட்காரும் ஆளாக நீங்கள் இருக்கலாம். வீடியோ அனுப்புவதைவிட அது நல்ல உதவி.

காசு விஷயம் சுருக்கமாக. சிங்கப்பூரர், நிரந்தரவாசி என்றால் வருமானத்தைப் பொறுத்து உதவிச் சாதனங்களுக்கான நிதியிலிருந்து 90% வரை கிடைக்கலாம். சிகிச்சையாளர் வழியாக விண்ணப்பியுங்கள், வாங்குவதற்கு முன்பே. டான் டோக் செங் மருத்துவமனையில் செயற்கைக் கால் பிரிவு இருக்கிறது, மறுபடி கார் ஓட்ட முடியுமா என்று சோதிக்கும் திட்டமும் அங்கே உண்டு. வேலைக்கு, பயிற்சிக்கு லெங்கோக் பாருவில் உள்ள எனேபிளிங் வில்லேஜில் கேளுங்கள்.

இனி, நாலு பேருக்கு உதவுவது. என் இரண்டு கால்களைப் பற்றிச் சொன்னேனே, அதன் காரணம் இங்கே வருகிறது.

பல ஆண்டுக்கு முன் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் வார்டில் இருந்தார். இங்கே வேலைக்கு வந்தவர், இயந்திரத்தில் சிக்கி ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அம்மாவிடம் தினமும் வீடியோவில் பேசுவார், போனை நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரியும்படி தலையணையில் சாய்த்துவைத்து. கால் போனதை வீட்டில் சொல்லவில்லை. நான் போய் சாக்கெட்டைப் பற்றி அழகாகத் தமிழில் விளக்குவேன். தலையாட்டுவார். ஆனால் என் காலையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்களிடம் ஒரு பிராட்டாக் கடைக்காரர் வந்துகொண்டிருந்தார். சர்க்கரை நோயில் ஒரு கால் போனவர், வாய் ஓயாதவர். சாக்கெட் சரிபார்க்க வந்தவரை, "அண்ணே, அந்தத் தம்பிகிட்ட அஞ்சு நிமிஷம் உட்காருங்க" என்றேன். போய் உட்கார்ந்தார். தைரியம் ஒன்றும் சொல்லவில்லை. கால்சட்டையைச் சுருட்டி, காலைக் கழற்றி, சாக்ஸை ஒவ்வொன்றாக உரித்துக் கட்டிலில் வைத்து எண்ணினார். "காலையில ரெண்டு, மாவு பிசைஞ்சு முடிக்கறதுக்குள்ள மூணு, கடை சாத்தும்போது நாலு." பிறகு ஸ்டம்பைக் காட்டி, "தொட்டுப் பாரு" என்றார். இளைஞர் தொட்டார். அவருடைய சொந்த ஸ்டம்பை அதுவரை அவர் தொடவே இல்லை என்று தாதி பிறகு சொன்னார். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்துதான் அம்மாவைக் கூப்பிட்டார்கள். முதலில் திரையில் தெரிந்தது கடைக்காரரின் கால்.

அந்த ஐந்து நிமிடத்தை என்னால் 30 ஆண்டில் ஒருமுறைகூடக் கொடுக்க முடிந்ததில்லை. கடைக்காரர் தொண்டூழியர் பட்டியல் எதிலும் இல்லை. அவருக்கே கால் போய் அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை, அவர் மனமும் அன்று ஆறியிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். முழுதாகத் தேறிய பிறகுதான் பிறருக்கு உதவ முடியும் என்பதில்லை. ஆனால் உதவி அந்த அளவில்தான் தொடங்கும், சாக்ஸ் எண்ணிக் காட்டும் அளவில். மேடை, பேச்சு, கைதட்டல் எல்லாம் வேண்டுமானால் வரட்டும், வராமலும் போகட்டும். அதை நீங்களோ நானோ குறித்துக் கொடுக்கக் கூடாது.

தம்பிக்குத் தமிழ் தெரியும், இரண்டு விதமான ஸ்டம்பும் தெரியும், மண்ணுக்கடியில் கிடப்பது எப்படி இருக்கும் என்பதும் தெரியும். இங்கே விபத்தில் சிக்கி வார்டில் தனியாகக் கிடக்கும் தமிழ் ஊழியர்களில் சிலருக்கு, வேலையிடக் காயத்துக்கு விபத்து நடந்து ஓராண்டுக்குள் இழப்பீடு கோர வேண்டும் என்பதுகூடத் தெரியாது. எப்போதாவது அவராகக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சொல்லாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் அறைக்குப் போய், மன்னிப்பெல்லாம் நீட்டி முழக்காமல், "கால் போட்டா எந்த இடத்துல வலிக்குது?" என்று கேளுங்கள். பதில் சொன்னால், அந்த இடத்தை அவரையே ஸ்டம்பில் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு மூலையில் நிற்கும் இரண்டு கால்களையும், இருக்கிற எல்லா சாக்ஸையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, செய்துகொடுத்த இடத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் எத்தனை பிளை, மாலையில் எத்தனை பிளை என்று அங்கே கேட்பார்கள். அவரே பதில் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.